பிரையன்ட் பூங்கா, நியூயார்க்: மறைப்பை நீக்கிய சீரமைப்பு

இது கொடைக்கானல் பிரையன்ட் பூங்கா அல்ல. நியூயார்க்கின் மன்ஹாட்டன் பகுதியில், 40ஆம் தெருவுக்கும் 42ஆம் தெருவுக்கும் இடையே, நகரப் பொது நூலகத்தின் பின்புறத்தை ஒட்டி இருக்கும் பூங்கா. கவிஞரும் பத்திரிகை ஆசிரியருமான வில்லியம் கல்லன் பிரையன்ட்டின் பெயர் 1884இல் இதற்குச் சூட்டப்பட்டது. நூலகக் கட்டிடம் நிற்கும் இடத்தையும் சேர்த்தால் 9.6 ஏக்கர். 1970களில் பட்டப்பகலிலேயே போதைப்பொருள் விற்கப்பட்ட இடம் இது. சுற்றியிருந்த அலுவலகங்களில் வேலை பார்த்தவர்கள் இதற்குள் நுழையாமல் சுற்றிக்கொண்டு போனார்கள். 1988இல் பூட்டப்பட்டு 1992 ஏப்ரலில் திரும்பத் திறந்தபிறகு, நகரத்திலேயே மிக நெருக்கமாக மக்கள் உட்காரும் இடங்களில் ஒன்றாகிவிட்டது.

பழைய பூங்கா ஒன்றைப் புதுப்பிக்கச் சொன்னால் எதைச் சேர்க்கலாம் என்றுதான் பெரும்பாலும் யோசிக்கிறார்கள்: இசை நீரூற்று, சிற்பம், வண்ண விளக்கு, படம் எடுத்துக்கொள்ள ஒரு மேடை. பிரையன்ட் பூங்காவில் பலன் தந்த வேலைகளில் முக்கியமானவை எடுத்துப்போட்டவை: வேலி, புதர், மறைப்பு. அதற்குப் பிறகு வந்தது ஒவ்வொரு நாளும் விடாமல் செய்யப்படும் பராமரிப்பு. இந்த இரண்டையும் இணைத்துப் பார்க்காமல் வரைபடத்தை மட்டும் நகலெடுத்தால் இந்தப் பூங்காவிலிருந்து கற்க ஒன்றும் இருக்காது.

அழகான வடிவம் ஏன் தோற்றது

இந்த நிலத்துக்கு நீண்ட வரலாறு உண்டு. 1823 முதல் 1840 வரை ஆதரவற்றவர்களைப் புதைத்த இடுகாடு. பிறகு, இன்று நூலகம் நிற்கும் கிழக்குப் பாதியில், நகரத்துக்குக் குடிநீர் தந்த குரோட்டன் நீர்த்தேக்கம் 1842இல் எழுந்தது. மேற்குப் பாதியில் 1853இல் கண்ணாடியும் இரும்புமான ஒரு கண்காட்சி மாளிகை கட்டினார்கள். அது 1858இல் எரிந்து போனது. நீர்த்தேக்கத்தை இடித்த இடத்தில் நூலகம் 1911இல் திறக்கப்பட்டது. 1920களில் சுரங்க ரயில் பணிக்காகப் பூங்கா கிளறப்பட்டு, பொருள்கள் குவிக்கும் களமாகச் சீரழிந்தது.

இன்று நாம் காணும் அமைப்பு 1930களின் பொருளாதார வீழ்ச்சிக் காலத்தது. கட்டிடக்கலைஞர்களுக்காக நடந்த ஒரு போட்டியில் வேலையில்லாமல் இருந்த லஸ்பி சிம்ப்சனின் வரைபடம் வென்றது. நகரப் பூங்காத்துறையின் தலைவராக இருந்த ராபர்ட் மோசஸ் அதைக் கட்டி முடித்து 1934 செப்டம்பரில் திறந்தார். நடுவில் பெரிய புல்வெளி, இரு பக்கமும் வரிசையாக லண்டன் பிளேன் மரங்கள், சுற்றிலும் கல் கைப்பிடிச் சுவர், அதை ஒட்டி அடர்த்தியான வேலிச்செடி, பின்னாளில் இரும்புக் கம்பி வேலி. பூங்கா முழுவதும் தெருவிலிருந்து சுமார் 4 அடி உயர்த்தப்பட்டது. இரைச்சலான நகரத்தின் நடுவே ஓர் ஒதுக்கிடம் வேண்டும் என்பது நோக்கம்.

அந்த நோக்கத்தில் பிழை காண்பது கடினம். அப்போது பூங்காவின் மேற்கு ஓரத்தில், ஆறாவது நிழற்சாலையின் மேல், தூண்களில் உயர்மட்ட ரயில் ஓடிக்கொண்டிருந்தது. அதன் அடியில் இருட்டும் கரியும். அதற்கு முதுகைக் காட்டி உட்கார மக்கள் விரும்பியிருப்பார்கள். ஆனால் அந்த ரயில் 1938 இறுதியில் நின்றது, தண்டவாளமும் தூண்களும் அகற்றப்பட்டன. இரைச்சல் போனபிறகும் அதிலிருந்து காக்க எழுப்பிய சுவரும் புதரும் அப்படியே நின்றன. பழைய இடங்களைச் சீரமைக்கிறவர்கள் ஒவ்வொரு சுவர் முன்னும் கேட்க வேண்டிய கேள்வி இது: இது எதைத் தடுக்கக் கட்டப்பட்டது, அது இன்னும் இருக்கிறதா?

அந்தச் சுவர் செய்ததைக் கணக்காகவே பார்க்கலாம். நடந்து போகிறவரின் கண் தரையிலிருந்து சுமார் 5 அடி உயரத்தில் இருக்கிறது. மண்மேடை 4 அடி. அதன் மேல் கைப்பிடிச் சுவர், அதன் பின்னால் செடி. மூன்றும் சேரும்போது நடைபாதையில் போகிறவருக்கு உள்ளே என்ன நடக்கிறதென்று தெரியாது. உள்ளே இருப்பவரையும் வெளியிலிருந்து யாரும் பார்க்க முடியாது. நுழைவாயில்களும் குறைவு. ஒரு வழியில் உள்ளே போனவர் வேறு வழியில் எளிதில் வெளியேற முடியாது. சட்டத்துக்குப் புறம்பான வியாபாரத்துக்கு இதைவிட வசதியான அமைப்பு இல்லை: வாசலில் ஓர் ஆள் நின்றால் போதும்.

எண்ணிப் பார்த்தவர்

நகரத்தின் பொது இடங்களில் மக்கள் உண்மையில் எப்படி நடக்கிறார்கள், எங்கே உட்காருகிறார்கள் என்பதைப் படக்கருவி வைத்துப் பதிவு செய்து எண்ணியவர் வில்லியம் எச். வைட். ராக்ஃபெல்லர் சகோதரர்கள் நிதியத்தின் ஆதரவில் பிரையன்ட் பூங்காவை ஆராய்ந்து 1979இல் பரிந்துரைகள் தந்தார். அவருடைய முடிவு அன்றைய பொதுப்பேச்சுக்கு எதிரானது. போதை விற்பவர்கள் வந்ததால் மக்கள் போகவில்லை என்று எல்லோரும் சொன்னார்கள். மக்கள் குறைவாகப் பயன்படுத்திய இடத்தைத்தான் விற்பவர்கள் பிடித்துக்கொண்டார்கள் என்றார் வைட். எனவே விரட்டும் வேலையோடு நிற்காமல், நிரப்பும் வேலை நடக்க வேண்டும்.

அவர் சொன்ன திருத்தங்கள் சுருக்கமானவை. இரும்பு வேலியை எடுங்கள். புதரை எடுங்கள். கைப்பிடிச் சுவரில் புதிய திறப்புகள் வெட்டி நடப்பவர்கள் குறுக்கே போக வழி செய்யுங்கள். ஆறாவது நிழற்சாலைப் பக்கத்துப் படிக்கட்டிலிருந்து உள்ளே பார்வை போகட்டும். சக்கர நாற்காலிக்குச் சரிவுப்பாதை வேண்டும். நூலகத்தின் பின்புற மேடையைத் திறந்துவிடுங்கள். நீரூற்றைப் பழுது பாருங்கள். இவற்றில் பெரும்பாலானவை கட்டுவதைவிட உடைப்பதைச் சேர்ந்தவை.

பெண்கள் எத்தனை பேர் வருகிறார்கள் என்பதையும் வைட் ஓர் அளவுகோலாக வைத்தார். எந்தப் பொது இடத்திலும் பெண்களின் பங்கு கண்கூடாகக் குறைந்தால் அங்கே ஏதோ சரியில்லை என்பது அவர் அனுபவம். கண்காணிப்புக் கேமராவோ காவல் புள்ளிவிவரமோ சொல்வதற்கு முன்பே இது சொல்லிவிடும். பூங்கா நிர்வாகம் இன்றும் மதிய நேரத்தில் ஆண்கள், பெண்கள் என்று தனித்தனியே கையில் எண்ணும் கருவி வைத்து எண்ணுகிறது. செலவே இல்லாத இந்த வழக்கத்தை எந்த நகராட்சியும் நாளைக்கே தொடங்கலாம். ஒரே நேரம், ஒரே பாதை, ஒரே ஆள் அல்லது ஒரே முறை என்று வைத்துக்கொண்டால்தான் ஒரு மாதத்தை இன்னொரு மாதத்தோடு ஒப்பிட முடியும்.

கட்டுமானத்துக்கு முந்திய எட்டு ஆண்டுகள்

1980இல் பிரையன்ட் பூங்கா மறுசீரமைப்புக் கழகம் உருவானது. முன்னின்றவர்கள் டான் பீடர்மேன், டைம் நிறுவனத்தின் தலைவராக இருந்த ஆண்ட்ரூ ஹெய்ஸ்கெல். பெரிய கட்டுமானத்துக்குப் பணமும் அனுமதியும் வர ஆண்டுகள் ஆகும் என்பது தெரிந்தே இருந்தது. அதுவரை கையைக் கட்டிக்கொண்டு இருக்காமல், ஓரங்களில் சின்னச் சின்ன நடமாட்டத்தை உண்டாக்கினார்கள். பழைய புத்தகக் கடைகள், பூக்கடை, இசை நடன நிகழ்ச்சிகளுக்குப் பாதி விலையில் சீட்டு விற்கும் சாவடி, நிகழ்ச்சிகள், தினம் குப்பை அள்ளுவது.

இந்தக் கட்டத்தைப் பலர் விட்டுவிடுகிறார்கள். ஆனால் இதிலிருந்துதான் அடுத்த கட்டத்துக்குத் தேவையான அறிவு கிடைத்தது: எந்த மூலைக்கு ஆட்கள் வருகிறார்கள், எந்தக் கடை நிலைக்கிறது, எது காற்றில் அடித்துப் போகிறது. அதன் எல்லையும் அப்போதே தெரிந்தது. ஓரத்தில் கடை போட்டால் ஓரம் உயிர்பெறுகிறது, நடுப்பகுதி மாறுவதில்லை. சுவரும் மேடும் இருக்கும்வரை உள்பகுதி பழையபடியே இருந்தது. குறைந்த செலவு முயற்சிகளால் மட்டும் காரியம் முடிந்துவிடும் என்று நம்புகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

பாதுகாக்கப்பட்ட இடத்தில் எதை உடைக்கலாம்

1974இலேயே நகரத்தின் மரபுச்சின்ன ஆணையம் இப்பூங்காவைப் பாதுகாக்கப்பட்ட நிலக்காட்சியாக அறிவித்துவிட்டது. அதனால் சிம்ப்சனின் வடிவத்தைத் தூக்கி எறிய முடியாது. எறியவும் கூடாது. நடு அச்சுக்கோடு, புல்வெளி, மரவரிசை, கல்வேலை எல்லாம் தரமானவை. சீரமைப்பின் நிலக்காட்சி வடிவமைப்பாளர் லாரி ஓலின் எடுத்த வழி, அமைப்பை வைத்துக்கொண்டு அதன் தொடர்புகளை மாற்றுவது. கைப்பிடிச் சுவர் இருக்கும், அதில் புதிய வாசல்கள் வரும். படிகள் இருக்கும், அகலமாகவும் ஏறுவதற்கு இலகுவாகவும் மாறும். புதரும் வேலியும் முற்றாகப் போகும்.

படிகளைப் பற்றி இங்கே சற்று நிற்க வேண்டும், ஏனென்றால் பழைய பூங்காக்களில் மிகுதியாகக் கோட்டை விடும் இடம் இது. வீட்டுக்குள் 7 அங்குலப் படி பழகியது. திறந்தவெளியில் அதே படி செங்குத்தாகத் தோன்றும், ஏற மனம் வராது. வெளிப்புறத்துக்குக் கைக்கணக்கு ஒன்று உண்டு: படி உயரத்தின் இரண்டு மடங்கும் மிதி (கால் வைக்கும் பகுதி) அகலமும் சேர்ந்து சுமார் 26 அங்குலம் வர வேண்டும். 6 அங்குல உயரம் என்றால் 14 அங்குல மிதி, 5 அங்குலம் என்றால் 16. நான்கடி மேட்டை 6 அங்குலப் படிகளால் ஏற எட்டுப் படி, 5 அங்குலமானால் ஏறக்குறைய பத்து. அந்தச் சிறிய வித்தியாசத்துக்காகப் படிக்கட்டு ஏறக்குறைய நான்கடி முன்னே நீளும். நடைபாதையைத் தின்னாமல் அதற்கு இடம் கண்டுபிடிப்பதுதான் வேலை.

சரிவுப்பாதை இன்னும் கண்டிப்பானது. அமெரிக்காவில் மாற்றுத்திறனாளிகள் சட்டம் 1990இல், இந்தச் சீரமைப்பு நடந்துகொண்டிருந்தபோதே, நிறைவேறியது. அந்தச் சட்டத்தை ஒட்டிய அளவு 1:12, அதாவது ஓர் அடி ஏற 12 அடி நீளம். நான்கடிக்கு 48 அடி. ஒரே ஓட்டத்தில் 30 அங்குலத்துக்கு மேல் ஏறக்கூடாது என்பதால் நடுவில் 5 அடிச் சமதளம் ஒன்று, கீழும் மேலும் தலா ஒன்று. ஆக மொத்தம் 60 அடிக்கு மேல் இடம் பிடிக்கும், இரு பக்கமும் கைப்பிடி வேண்டும். இதைக் கடைசியில் நினைத்தால் பின்புறக் குப்பைத்தொட்டிப் பக்கம்தான் இடம் கிடைக்கும். தொடக்கத்திலேயே முதன்மை வாசலோடு சேர்த்து வரைந்தால் தள்ளுவண்டியில் குழந்தையைக் கொண்டுவரும் தாயும் முழங்கால் வலிக்கும் பெரியவரும் அதே வழியில் வருவார்கள்.

புல்லுக்கு அடியில் 84 மைல் அலமாரி

இந்தப் பூங்கா அடியோடு தோண்டப்பட்டதற்கு முக்கிய காரணம் நூலகம். புத்தகம் வைக்க இடமில்லாமல் திணறிய நூலகம், பின்னாலிருந்த புல்வெளிக்கு அடியில் இரண்டு தளம் கொண்ட சேமிப்புக் கிடங்கைக் கட்ட முடிவு செய்தது. 1991இல் முடிந்த அந்தக் கிடங்கில் 84 மைல் நீள அலமாரி, சுமார் 32 லட்சம் புத்தகங்களுக்கு இடம். கட்டிய இரு தளங்களில் கீழ்த்தளம் வெறும் கூடாகவே விடப்பட்டு 2010களின் பிற்பகுதியில்தான் பயன்பாட்டுக்கு வந்தது. எப்படியும் தோண்டி மூடப்போகும் நிலம் என்பதால் பூங்காவின் சீரமைப்பும் அதோடு சேர்த்துத் திட்டமிடப்பட்டது. ஒரு முறை மூடி இரண்டு வேலையையும் முடித்தது நல்ல முடிவு. நான்கு ஆண்டுகள் பூங்கா இல்லாமல் இருந்தது அதன் விலை.

இன்று அந்தப் புல்லில் படுத்திருப்பவருக்கு அடியில் கட்டிடம் இருப்பதே தெரியாது. புல்வெளியின் மேற்கு முனையில் உள்ள ஒரு நினைவுப் பலகையின் கீழ் கிடங்கிலிருந்து அவசரமாக வெளியேறும் வழி இருக்கிறது. அது ஒன்றுதான் தடயம்.

கூரைமேல் புல்வெளி போடுவோருக்கு மூன்று ஆபத்துகள். முதலாவது பாரம். ஈரமான மண் 30 செ.மீ. தடிமனுக்குச் சதுர மீட்டருக்கு அரை டன்னைத் தாண்டும். அதன் மேல் கூட்டம், மேடை, பொருள் ஏற்றிய வண்டி. உள்ளே, புத்தக அலமாரித் தளம் என்றால் அமெரிக்கக் கட்டிட விதிகள் சதுர அடிக்கு 150 பவுண்டு பயன்பாட்டுச் சுமை கேட்கின்றன. சாதாரண அலுவலகத்துக்கு 50 பவுண்டு போதும். கட்டமைப்புப் பொறியாளரிடம் பூங்கா என்று மட்டும் சொல்லாமல், குளிர்காலத்தில் எதை ஏற்றப்போகிறீர்கள், எந்த வண்டி எந்தப் பாதையில் வரும் என்பதையும் முன்பே எழுதிக் கொடுக்க வேண்டும்.

இரண்டாவது நீர். கூரைப் பலகையின் மேல் நீர்க்கசிவுத் தடுப்புப் படலம், அது கிழியாமல் பாதுகாப்பு அடுக்கு, நீர் ஓடும் வடிகால் அடுக்கு, மண் இறங்காமல் தடுக்கும் வடிதுணி, அதன்மேல் மணல் கலந்த மண் என்பது வழக்கமான வரிசை. மண் கொட்டுவதற்கு முன் கூரையில் சுமார் 2 அங்குலத் தண்ணீர் நிறுத்தி ஒன்றிரண்டு நாள் கசிவு பார்க்க வேண்டும். இந்தச் சோதனையை அவசரத்தில் தாண்டினால், கசிவு தெரியும்போது அதன்மேல் நூற்றுக்கணக்கான டன் மண் இருக்கும். கீழே புத்தகம் இருந்தால் கேட்கவே வேண்டாம். கசிவுகள் நடுப்பகுதியைவிட, குழாய் துளைத்து வரும் இடங்களிலும் ஓரச் சுவரோடு படலம் மேலேறும் மடிப்பிலும்தான் அதிகம் தொடங்குகின்றன.

மூன்றாவது மிதிபடுதல். தோட்டத்துக் களிமண் கலந்த மண் சில மாதத்தில் இறுகி, மழைக்குச் சேறாகிவிடும். ஆயிரக்கணக்கானோர் மிதிக்கும் புல்லுக்கு மணல் மிகுந்த கலவை, அடிக்கடி துளையிட்டுக் காற்றோட்டம், ஈரமான நாளில் மூடிவைக்கும் துணிவு, மூன்றும் வேண்டும். பிரையன்ட் பூங்காவின் புல்வெளி ஓர் ஏக்கருக்குச் சற்று மேல். மழைக்குப்பின் அதைக் கயிறு கட்டி மூடுகிறார்கள். வந்தவர்கள் முகம் சுளிப்பார்கள், ஆனால் ஒரு மணி நேரம் சேற்றில் மிதித்த புல் தேற வாரங்கள் ஆகும்.

மரங்களைப் பற்றியும் ஒரு கணக்கு. கட்டுமானத்தின்போது பெரிய மரத்தைக் காப்பாற்ற, தண்டின் குறுக்களவில் ஓர் அங்குலத்துக்கு ஓர் அடி வீதம் சுற்றிலும் வேலி போடுவது மரவல்லுநர்களின் பொதுவிதி. 24 அங்குலத் தண்டு என்றால் 24 அடி ஆரம். அதற்குள் வண்டி, சிமென்ட், ஜல்லிக் குவியல் எதுவும் கூடாது. மரம் வெட்டுப்பட்டதால் சாவதைவிட வேர்ப்பகுதி மண் இறுகியதால் சாவது அதிகம், அதுவும் உடனே தெரியாது, மூன்று நான்கு ஆண்டு கழித்துக் கிளை நுனிகள் காயத் தொடங்கும். பிளேன் மரவரிசைகளின் நிழல் இன்று இந்தப் பூங்காவின் மிகப் பெரிய சொத்து. அதைப் புதிதாக வாங்க முடியாது.

நகரும் நாற்காலி

கட்டுமானச் செலவில் மிகச் சிறிய பகுதியும் விளைவில் மிகப் பெரிய பகுதியும் நாற்காலிகளுடையவை. தரையில் பதித்த பெஞ்சுகளையே நம்பாமல், தனித்தனியாக எடுத்து நகர்த்தக்கூடிய, பிரான்ஸின் ஃபெர்மோப் நிறுவனம் செய்யும் மடக்கு நாற்காலிகளையும் சிறு மேசைகளையும் பூங்கா முழுவதும் பரப்பினார்கள். திருட்டுப் போகும் என்று பயந்தவர்கள் இருந்தார்கள். அந்தப் பயம் பெரிதாகப் பலிக்கவில்லை. இன்று எண்ணிக்கை ஆயிரக்கணக்கில்.

ஏன் இது இவ்வளவு வேலை செய்கிறது? நாற்காலியில் உட்காருவதற்கு முன் பலரும் அதை ஒன்றிரண்டு அங்குலமாவது நகர்த்துகிறார்கள் என்பதை வைட் படம் பிடித்துக் காட்டினார். அந்த நகர்த்தலால் வெயிலோ நிழலோ பெரிதாக மாறுவதில்லை, இடம் தன்னுடையதாகிவிடுகிறது. தனியே வந்த பெண் மற்றவர்களிடமிருந்து எவ்வளவு தள்ளி உட்காருவது என்பதை அவரே முடிவு செய்யலாம். ஐந்து பேர் வட்டமாகலாம். பெஞ்சில் ஒருவர் நடுவில் உட்கார்ந்துவிட்டால் மீதி இடம் வீண்.

வாங்கும்போது பார்க்க வேண்டியவை: ஒரு கையால் தூக்கும் எடை, காற்றில் கவிழாத அளவு கனம், மழையில் நீர் தேங்காத இடைவெளிச் சட்டங்கள், புல்லில் அழுந்தாத கால்கள், தனியாகக் கிடைக்கும் மாற்று உதிரிகள். முதல் நாளே தேவைக்கு மேல் பத்தில் ஒரு பங்கு கூடுதலாக வாங்கி வைக்க வேண்டும். உடைந்த நாற்காலி ஒன்று மூலையில் இரண்டு நாள் கிடந்தால் அடுத்த ஐந்து தானாக உடையும். ஒவ்வோர் இரவும் எண்ணி, துடைத்து, மறுநாள் காலை ஒழுங்காகப் பரப்ப ஆள் இல்லாத இடத்தில் நகரும் நாற்காலி போடாமல் இருப்பதே மேல்.

எவ்வளவு இருக்கை போதும் என்பதற்கும் ஓர் அளவு உண்டு. வைட்டின் ஆய்வை ஒட்டி நியூயார்க் 1975இல் திருத்திய விதி, கட்டிட முன்றில்களில் ஒவ்வொரு 30 சதுர அடிக்கும் ஓர் அடி நீள இருக்கை கேட்டது. பூங்காவுக்கு அதை அப்படியே பொருத்த முடியாவிட்டாலும், இருப்பது எவ்வளவு குறைவு என்று கணக்கிட்டுப் பார்க்க உதவும்.

பூ, விளக்கு, கழிப்பறை

புதரை எடுத்த இடத்தில் வெறுமை விழாதபடி, புல்வெளியின் வடக்கிலும் தெற்கிலும் சுமார் 300 அடி நீளமான இரண்டு மலர்ப்பாத்திகளை லிண்டன் மில்லர் வடிவமைத்தார். சென்ட்ரல் பூங்காவின் கன்சர்வேட்டரி தோட்டத்தை மீட்டெடுத்தவர் அவர். பல்லாண்டுச் செடிகள், சில பசுமைக் குத்துச்செடிகள், பருவத்துக்குப் பருவம் மாறும் மலர்கள். பார்வையை மறைக்கும் செடிக்குப் பதிலாகப் பார்வையை இழுக்கும் செடி வந்தது. இவ்வளவு செழிப்பான பாத்திக்குப் பயிற்சி பெற்ற தோட்டக்காரர் நிரந்தரமாக வேண்டும். ஒப்பந்தக் கூலியாள் மாதம் ஒருமுறை வந்து கத்தரித்துப் போனால் இரண்டாம் ஆண்டில் களை மட்டும் மிஞ்சும்.

இரவு விளக்கில் ஒரு நல்ல யோசனை செய்தார்கள். பாதை விளக்குகளோடு, எதிரே உள்ள உயரமான கட்டிடத்தின் மேலிருந்தும் பூங்காவுக்கு ஒளி பாய்ச்சினார்கள். மரத்துக்கு மரம் நிழல் இருட்டு தங்காமல் மெல்லிய வெளிச்சம் பரவுகிறது. அண்டைக் கட்டிடத்தாரோடு பேசி வைத்தால் கம்பங்களின் எண்ணிக்கையைக் குறைக்கலாம்.

கழிப்பறைக்குத் தனி மரியாதை. 42ஆம் தெரு ஓரத்தில் நூலகத்தோடு 1911 காலத்தில் எழுந்த சிறிய கல்கட்டிடம் பல்லாண்டுகள் பூட்டிக் கிடந்தது. 1992இல் அது திரும்பத் திறந்தது. உள்ளே புதுப்பூ, எப்போதும் ஒரு பணியாளர். 2017இல் 2,80,000 டாலர் செலவில் மறுபடி புதுப்பித்தார்கள். இத்தனைக்கும் அதன் பரப்பு 310 சதுர அடிதான். பணியாளரை நிறுத்திவிட்டு எஃகுத் தொட்டியும் உடையாத கண்ணாடியும் மாட்டும் நகரங்கள் உண்டு. இலக்கு உடைப்பதைத் தடுப்பது என்றால் அதில் தர்க்கம் இருக்கலாம். முதியவரும் குழந்தையோடு வந்தவரும் இரண்டு மணி நேரம் தங்க வேண்டும் என்றால் சுத்தமான கழிப்பறையும் அதற்குப் பொறுப்பான ஓர் ஆளும் இல்லாமல் முடியாது. தரத்தைப் பெண்கள்தான் முதலில் கவனிக்கிறார்கள், பூங்காவைத் தவிர்க்கத் தொடங்குவதும் அவர்கள்தான்.

நூலகத்தோடு ஒட்டிய இடம் என்பதால் வாசிப்பும் இங்கே மரபு. 1935இல், வேலையிழந்தவர்கள் அடையாளச் சீட்டு எதுவும் காட்டாமல் படிக்க, நூலகம் மரநிழலில் திறந்தவெளி வாசிப்பிடம் நடத்தியது. 1944இல் நின்றுபோன அதை 2003இல் மீண்டும் தொடங்கினார்கள். பழைய படத்தில் இருப்பதைக் கல்லில் செதுக்குவதைவிட, பழைய பயனைத் திருப்பித் தருவதே மரபைக் காப்பது என்று நாங்கள் கருதுகிறோம்.

பணமும் அது கேட்கும் விலையும்

இவ்வளவு ஆட்களுக்கு யார் சம்பளம் தருவது? சுற்றியுள்ள கட்டிட உரிமையாளர்கள் கூடுதல் வரி கட்டும் வணிக மேம்பாட்டு வட்டாரம் ஒன்று 1980களில் ஏற்பட்டது. நிலம் நகரத்துடையது, நிர்வாகம் லாபநோக்கற்ற கழகத்துடையது. அந்த வரியோடு உணவக வாடகை, நிகழ்ச்சிக் கட்டணம், விளம்பரதாரர் பணம் எல்லாம் சேர்ந்து செலவைத் தாங்குகின்றன. 1990களின் நடுவிலிருந்து நகரத்தின் நிதி இல்லாமலே பூங்கா நடக்கிறது.

உணவகம் எளிதாக வரவில்லை. முதலில் பேசப்பட்டது மிகப் பெரியது. நூலகத்தின் பின்முகப்பை மறைக்கும், பொதுநிலத்தை விழுங்கும் என்று எதிர்ப்பு எழுந்தது. கடைசியில் ஹியூ ஹார்டியின் வடிவமைப்பில் சிறிதாக்கப்பட்ட பிரையன்ட் பார்க் கிரில் 1995இல் திறந்தது. எதிர்த்தவர்களால் திட்டம் கெடவில்லை, செம்மையானது.

தனியார் நிர்வாகம் குறித்த விமர்சனமும் கனமானது. இங்கே யார் விரும்பத்தக்கவர், யார் அல்ல என்பதை வாடகை தருபவர்களின் ரசனை தீர்மானிக்கிறது என்று சமூகவியலாளர் ஷாரன் ஸூகின் 1990களிலேயே எழுதினார். பூங்கா பாதுகாப்பானது, இலவசமானது, யாரும் எதையும் வாங்காமல் நாள் முழுக்க உட்காரலாம் என்பதும் உண்மை. முடிவுகளை எடுக்கும் குழுவில் வரிகட்டுகிற கட்டிட உரிமையாளருக்குள்ள குரல், மதிய உணவோடு வந்து உட்காரும் எழுத்தருக்கு இல்லை என்பதும் உண்மை.

இந்த இழுபறி மிகத் தெளிவாகத் தெரிவது புல்வெளியில். 1993 முதல் 2010 வரை நியூயார்க் ஆடையலங்கார வாரத்தின் கூடாரங்கள் ஆண்டுக்கு இருமுறை இங்கே எழுந்தன. கூடாரத்துக்கு அடியில் வெளிச்சமில்லாமல் ஒரு வாரம் கிடந்தாலே புல் மஞ்சளாகும். கழற்றி முடித்தபின் மண்ணைத் துளைத்து, மணல் தூவி, வளர்த்துச் சுருட்டிக் கொண்டுவந்த புல்லை விரிக்க வேண்டும். 2005 முதல் குளிர்காலத்தில் அதே இடத்தில் நுழைவுக் கட்டணமில்லாத பனிச்சறுக்குத் தளம். அது போனபிறகு ஒவ்வோர் இளவேனிலிலும் புல்வெளி புதிதாகப் பிறக்கிறது. இந்த வருமானத்தால்தான் தோட்டக்காரரும் கழிப்பறைப் பணியாளரும் இருக்கிறார்கள். இதனால்தான் ஆண்டின் பல வாரங்கள் மக்களுக்குப் புல் இல்லாமலும் போகிறது.

இதே முறையை எடுத்துக்கொள்ள விரும்பும் நகராட்சி, ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் முன் நான்கு எண்களை எழுத்தில் வாங்கிக்கொள்ள வேண்டும்: ஆண்டில் அதிகபட்சம் எத்தனை நாள் புல்வெளியை மூடலாம், ஒரே நேரத்தில் எத்தனை சதுர அடியைக் கட்டண நிகழ்ச்சிக்கு விடலாம், நிகழ்ச்சி முடிந்து எத்தனை நாளுக்குள் புல் திரும்ப வேண்டும், அதற்கு முன்வைப்பாக எவ்வளவு தொகை. கழகம் தன் வரவு செலவை ஆண்டுதோறும் வெளியிட வேண்டும் என்பதும் அதே தாளில் இருக்கட்டும். நல்ல நிர்வாகி இருக்கும்வரை இந்த வரிகள் தேவைப்படாது. ஒப்பந்தம் பல ஆண்டுகளுக்கு நீளும், நிர்வாகிகள் அதற்குள் மாறுவார்கள்.